முப்பத்திரண்டு சரியாக இருந்தது

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்கு மாத்திரையை ஒருவருக்கொருவர் நினைவூட்டி, அதற்காகவே ஒரு சண்டையும் போட்டுக்கொண்டு, சுகமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சண்டை இல்லாமலே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். உன் அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் ஏறுகிறாள். சமையலறைக் குழாய் மறுபடி சொட்ட ஆரம்பித்துவிட்டது, பிளம்பர் வந்து பார்த்துவிட்டு இதைவிட நான்தான் சீக்கிரம் ரிப்பேர் ஆவேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார், இன்னும் திரும்பி வரவில்லை. வாண்டு பந்தை இடுக்கிக்கொண்டு நிற்கிற படம் வந்து சேர்ந்தது. முன்பல் இரண்டும் இல்லாமல் அவன் சிரிப்பது அச்சு அசல் உன்னைப் போலவே இருக்கிறது. படத்தை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறோம், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் விழுகிறது, எடுத்து வைக்கிறோம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். வழக்கம்போல "வணக்கம் சார்" என்று ஆரம்பித்திருந்தாய். அடுத்த வாரம் சனிக்கிழமை வாண்டுவை அவனுடைய முதல் பெரிய மேட்சுக்கு அழைத்துப் போகிறாய் என்று படித்ததும் எனக்கும் சந்தோஷம்தான். அதற்கு அடுத்த பத்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. உன் ஆபீஸ் சிநேகிதியின் அண்ணன் அந்த மைதானத்தில் வேலை பார்க்கிறார், இடைவேளையில் வாண்டுவைத் தனியாகப் படியிறங்கி பதினோராம் நம்பர் வாசலுக்குப் போகச் சொல்லப் போகிறாய், அங்கே மஞ்சள் கோட்டு போட்ட அவர் வந்து அவனை ஆட்டக்காரர்கள் வருகிற பாதைக்கு அழைத்துப் போய்க் காட்டுவார், நீ உன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டாய், அவன் தானாகப் போய்வந்த மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை கூடாதென்றாராம், அறுபதாயிரம் பேர் வருகிற இடத்தில் ஏழு வயதுப் பையனைத் தனியாக அனுப்புகிற அம்மாவை நான் பார்த்ததில்லை என்றாராம். அதற்கு நீ, எங்கப்பா என்னை அனுப்பினார், எனக்கு என்ன ஆச்சு, இன்னிக்கு இவ்வளவு தூரத்தில் தனியா வந்து நிக்கிறேனே அது எப்படி வந்த தைரியம்னு நினைக்கிறீங்க என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாயாம். கடைசியில், அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்புங்க சார், மேட்சுக்கு முந்தின நாள் வாண்டுக்குப் படித்துக் காட்டணும் என்று கேட்டிருக்கிறாய். அப்படியே எழுதத்தான் போகிறேன். ஆனால் படித்துக் காட்டுவதற்கு முன் நீ மட்டும் தனியாக உட்கார்ந்து ஒரு தடவை படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். நீ சொல்லுங்க சார் என்றதும் வாய் வரவில்லை, குழாய் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் தடவையே நீ, குழாயைப் பத்திச் சொல்லவா இவ்வளவு தூரம் போன் பண்ணீங்க என்று கேட்டாய். குழாய் இல்லை அம்மாடி, இதுதான்.

அந்த வருடம்தான் நம் ஊரில் முதல் தடவையாகச் சம்பளத்துக்கு ஆடுகிற கால்பந்து அணி ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலை ஆட்களும் போலீஸ்காரர்களும் வேலை முடிந்து வந்து ஆடுகிற ஆட்டம்தான். கிழக்குப் பக்கத்து கேலரி காலியாகக் கிடந்தால் நன்றாக இருக்காதென்று பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இலவச டிக்கெட் கொடுத்தார்கள். நான் வகுப்பில் சொன்னபோது, ஆடுறதுக்குச் சம்பளமா சார், அப்ப நாங்க இத்தனை நாள் சும்மாவா ஆடிட்டிருந்தோம் என்று ஒருத்தி கேட்டாள். எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் பண்ணுகிற பெண், வகுப்பே அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடும், அவளை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருவாள். என் ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் சனிக்கிழமை டியூட்டி, உன்னை வீட்டில் விட ஆள் இல்லை. தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். கூட்டிப் போங்க, ஆனா அவளை மடியில வச்சுக்கிட்டு மத்த பிள்ளைகளைக் கோட்டை விட்டுடாதீங்க என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ஏறும்போது உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குனிந்து, இன்னிக்கு முழுக்க நான் உனக்கு அப்பா இல்ல, எல்லாருக்கும் மாதிரி உனக்கும் சார்தான், அப்பான்னு கூப்பிட்டா திரும்பிப் பார்க்கவே மாட்டேன், புரிஞ்சுதா என்று கேட்டேன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ பாதியை எடுத்துக்கொள்கிற குழந்தை இல்லை. சரிங்க சார் என்று சொல்லி, சல்யூட் வேறு அடித்தாய்.

மைதானத்து வாசலில் எண்ணினேன். நான் எப்படி எண்ணுவேன் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு தலையையும் உள்ளங்கையால் தொட்டுத் தொட்டு. முப்பத்தொன்றும் நீயும், முப்பத்திரண்டு. உள்ளே போகிற வழி ஒரு குறுகலான படிக்கட்டு. அடுத்த வாசலிலிருந்து வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதே நேரத்தில் அதே படிக்கட்டில் ஏறினார்கள். அவர்களுக்கும் வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை, நமக்கும் அதே. மேலே வந்ததும் அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பச்சையை நான் அதுவரை பார்த்ததில்லை, எனக்கும் அதுதான் முதல் பெரிய மேட்ச் என்பதை நீ யோசித்திருக்க மாட்டாய், பிள்ளைகளுக்கு அப்பா எல்லாவற்றையும் முன்பே பார்த்தவர்தானே. வரிசையில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் சார் தண்ணி, ஒரு பக்கம் சார் இவ இடிக்கிறா, ஒரு பக்கம் சார் எது நம்ம டீம், முன்னால் இருக்கிறவர் தொப்பி மறைக்குது சார். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் வந்தால் நான் திரும்பாமலே கையை உயர்த்துவேன், கேட்டுவிட்டேன், பொறு என்று அர்த்தம். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு தடவை கையை உயர்த்தினேன். எந்தச் சாருக்கு உயர்த்தினேன் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் அடங்கியதும் மறுபடி தலைகளைத் தொட்டு எண்ணினேன். முப்பத்திரண்டு. நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ஆட்டம் பார்த்தேன். இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாற்பது நிமிடங்கள் ரொம்பக் கொஞ்சம். பந்து கோல்கம்பத்தில் பட்டு வெளியே போனபோது நான் எழுந்து நின்று கத்தினேன், சாருக்கு இப்படியெல்லாம் கத்தத் தெரியுமா என்று பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். ஒரு தடவைகூட உன் பக்கம் திரும்பவில்லை. தலைமையாசிரியைக்கு என் நேர்மையை நிரூபித்துக்கொண்டிருந்தேன், என் மகளை மற்றவர்களைவிட அதிகமாகப் பார்க்கக்கூடாதென்று. அப்போது நம் அணி ஒரு கோல் போட்டது. மைதானமே எழுந்தது. எதிரே, மரத்தாலான ஸ்கோர் போர்டு, சதுரச் சதுரமாக ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் எண் எழுதிய பலகையைப் பின்னாலிருந்து மாட்டுவார்கள். எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பூஜ்யம் உள்ளே போயிற்று. ஒன்று வர வேண்டிய ஓட்டையில் ஒரு குழந்தையின் முகம் வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை ரிப்பன். தோள் வரைக்கும் வெளியே நீட்டிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது. கேலரியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, பக்கத்துப் பிள்ளைகளிடம், பாருங்க, யாரோ வேலையாள் வீட்டுக் குழந்தை, பெத்தவங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா பாருங்க என்று சொன்னேன்.

வக்கீலம்மாதான் சொன்னாள், சார், அது நம்ம பாப்பா சார். நான், உட்காரும்மா, எண்ணிக்கை சரியா இருக்கு என்றேன். அவள், எண்ணிக்கை சரியா இருக்கலாம் சார், ஆனா அங்க இருக்கறது நம்ம பாப்பாதான் என்றாள். அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா, மறுபடி எண்ணினேன். முப்பத்திரண்டு. ஒரு விநாடி நிஜமாகவே நிம்மதியாக இருந்தது அம்மாடி. கண்ணுக்கு எதிரே நூறு கஜத்தில் என் மகளின் முகம், என் கையில் முப்பத்திரண்டு, நான் கையை நம்பினேன். கணக்கில் விடை சரியாக வந்து வழி தப்பாக இருந்தால் நான் பாதி மார்க்கைக் குறைத்துவிடுவேன், இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடையைக் கொடுத்துவிடும், அதை நம்பாதீர்கள் என்று வருடா வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன் நான். பிறகுதான் தலையை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், நீ இருக்க வேண்டிய இடத்தில், என் வாழ்நாளில் பார்த்திராத ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து நாம் கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். நீ யாரும்மா என்று கேட்டேன். தெரியல சார், நீங்க தலையைத் தொட்டீங்க, அதான் உட்கார்ந்துட்டேன் என்றாள்.

பிள்ளைகளை, எங்களோடு ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பஸ் டிரைவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். மைதானத்தைப் பாதி சுற்ற வேண்டும், எழுந்து நிற்கிற கூட்டம், எத்தனை கால்களை மிதித்தேன் என்று தெரியாது. ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் இரும்பு ஏணி, இருபத்தெட்டுப் படி, ஒரு பக்கம்தான் கம்பி. ஏறும்போது எண்ணினேன், அப்போதும் எண்ணினேன் பார். மேலே இரண்டு பலகை போட்ட தளம். கீழே சிமெண்ட் தரை. நீ கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் ஒற்றைக் காலில் நின்று, வயிறு வரைக்கும் அந்த ஓட்டைக்கு வெளியே இருந்தாய். நம்பர் மாட்டுகிறவர் தளத்தின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, சரிந்து கிடந்த பலகைக் குவியலில் ஒன்று எழுதிய பலகையை இன்னும் தேடிக்கொண்டிருந்தார். நான் உன்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்புவாய், திரும்பினால் டப்பா ஆடும். மெதுவாக வந்து இடுப்பைப் பிடித்தேன். நீ திரும்பிப் பார்த்து, சார், நான்தான் ஒன்னு மாட்டப் போறேன் சார் என்றாய். முப்பது வருடம் ஆகிறது, அந்த டப்பா இன்னும் என் கண்முன் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

நம்பர்காரர் நல்ல மனுஷர், அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. படிக்கட்டில் அவர் ஏழாம் நம்பர் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்து நீ பின்னாலேயே போயிருக்கிறாய். யாரோட வந்தே பாப்பா என்று கேட்டிருக்கிறார், நீ என்னைக் காட்டியிருக்கிறாய். போகலாமான்னு கேட்டுட்டு வா என்றிருக்கிறார். நீ கேலரிப் படியில் நின்று, சார் சார், நான் மேல போகட்டுமா சார் என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் திரும்பாமல் கையை உயர்த்தினேன். நீங்கதானே சார் கையைக் காட்டினீங்க என்று அவரும் சொன்னார், நீயும் சொன்னாய். இரண்டு பேர் முகத்திலும் துளி சந்தேகமில்லை. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ஆமாம்தான் முப்பது வருடமாக நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ அப்பா என்று கூப்பிட்டிருந்தால் எந்தச் சத்தத்திலும் நான் திரும்பியிருப்பேன், அந்தக் கேலரியில் என்னை அப்படிக் கூப்பிட உலகத்திலேயே ஒரே ஆள்தான் இருந்தது. அதைத்தான் கூப்பிடாதே என்று காலையில் சொல்லி வைத்திருந்தேன், நீ சொன்ன பேச்சைக் கேட்டாய்.

அந்த இன்னொரு பெண்ணை அவள் பள்ளிக்கூடத்தார் இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டேன். அவர்களோடு வந்த டீச்சர் சின்ன வயசு, தலையில் கை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அவளிடம், அழாதீங்கம்மா, இனிமே அடிக்கடி எண்ணிப் பாருங்க, எண்ணினா தப்பு வராது என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். நானா சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. வீட்டுக்கு வந்ததும் நீ அம்மாவிடம் சார் என்னைத் தனியா அனுப்பினார், கோல் நம்பரை நான்தான் மாட்டினேன் என்று குதித்தாய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, உங்களுக்கு இவ்வளவு தைரியம் உண்டுன்னு எனக்குத் தெரியாதே என்றாள். அதன்பிறகு அவளே பத்துப் பேரிடம் பெருமையாகச் சொன்னாள். அன்றிலிருந்து நீ வீட்டிலும் என்னைச் சார் என்றே கூப்பிட ஆரம்பித்தாய், விளையாட்டு அப்படியே நிலைத்துவிட்டது, நானும் கடிதத்தின் கீழே உன் சார் என்றே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஒவ்வொரு தடவை சார் என்று சொல்லும்போதும் எனக்கு அந்தக் கேலரிப் படி ஞாபகம் வரும், நான் சிரித்துவிடுவேன். நீ முதல் தடவை விமானம் ஏறியபோது நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, ஏழு வயசுலயே விட்டீங்க, இப்ப என்ன சார் என்று கேட்டாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் தைரியத்துக்கு அடியில் இருக்கிற கல்லை நான் எப்படி உருவுவது என்று பயந்தேன். இன்றைக்கும் அந்தப் பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அடுத்த சனிக்கிழமை.

யோசித்துப் பார்த்தால் அந்தத் தைரியத்தை நான் கொடுக்கவே இல்லை. நான் திரும்பாதபோது நீயாக ஏறினாய், இருபத்தெட்டுப் படி. அது உன்னுடையது, நான் இதைச் சொல்வதால் அதில் ஒரு படி குறையாது என்று நம்புகிறேன். ஆனால் நீ விழாமல் இருந்தது என் திட்டம் இல்லை, ஒரு பெயிண்ட் டப்பா ஆடாமல் இருந்தது, அவ்வளவுதான். விடை சரி, வழி தப்பு. அந்த வழியை வாண்டுக்குப் போட்டுக் காட்டாதே. மேட்சுக்குப் போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். இடைவேளையில் நீயும் அவன் கூடவே பதினோராம் வாசலுக்குப் போ, கையைப் பிடித்துக்கொள், பிடித்தால் கோபப்படுவான், படட்டும். உன் போன் நம்பரைச் சட்டைக்கு உள்பக்கம் எழுதித் தை, பையில் சீட்டு வைத்தால் எடுத்து விளையாடுவான். எல்லாருக்கும் அந்த அணியின் ஒரே நிறச் சட்டை இருக்கும், அவனுக்கு மட்டும் வேறு நிறத் தொப்பி போடு. மாப்பிள்ளையிடம், நீங்க சொன்னதே சரி, எங்கப்பா செய்தது தப்பு என்று சொல்லிவிடு, அவர் சந்தோஷப்படுவார், அதிகம் சந்தோஷப்பட்டால், போதும் என்று நான் சொன்னதாகச் சொல். இதையெல்லாம்விட ஒன்று. உன்னைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நின்று அம்மா என்று தொண்டை கிழியக் கத்தச் சொல். வெட்கப்பட வேண்டாமென்று சொல். வீட்டிலேயே இரண்டு தடவை கத்தவைத்துப் பழக்கு, பக்கத்து வீட்டார் கேட்டால் பாட்டு கிளாஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மேலே உள்ளதையெல்லாம் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள். அந்த இன்னொரு பொண்ணு அழுதாளா என்று மட்டும் கேட்டாள். இல்லை, பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனாள் என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து மூன்று மணி நேரமாகப் பேச்சில்லை, காபியை நானே போட்டுக் குடித்தேன். வழக்கமாகக் கடிதத்தின் கடைசியில் அவள் எழுதுகிற இரண்டு வரி இந்தத் தடவை இல்லை, அதற்காகக் கவலைப்படாதே, கோபம் என் மேல்தான். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனின் மகள் நாளை மறுநாள் அங்கே கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். படித்ததும் உனக்குக் கோபம் வரலாம். வந்தால் போனில் திட்டு, ஆனால் திட்டாமல் இருந்துவிடாதே, இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது.

நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வாண்டுக்கு என் முத்தம், பல் முளைக்கும்வரை கடினமானதைக் கடிக்க வேண்டாமென்று சொல். சனிக்கிழமை மேட்ச் முடிந்து வெளியே வந்து, அவன் கை உன் கையில் இருக்கும்போதே எனக்குப் போன் பண்ணு. யார் ஜெயித்தார்கள் என்று பிறகு சொல்லலாம், முதலில் அவன் குரலைக் கேட்கவை. பிறகு நீ பேசு. எடுத்ததும் என்னைச் சார் என்று கூப்பிடாதே. எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் கூப்பிட்டாலும் திரும்புகிறேன்.

இப்படிக்கு,
உன்
அப்பா